யாரும் பார்க்காத லேப்டாப்

எந்த லேப்டாப் வேண்டும் என்று கம்பெனி எங்களைக் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. டீயா, காபியா என்றுகூட ஒரு நாளும் கேட்காத இடம் அது. மெஷினில் எது மிச்சம் இருக்கிறதோ அதைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் திடீரென்று மேக்கா, விண்டோஸா, லினக்ஸா, எல்லாம் உங்கள் விருப்பம் என்று பல்லைக் காட்டினால் அதில் ஏதோ இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். யாருக்கு என்ன நோய், அடுத்து எப்போது டாக்டரைப் பார்க்க வர வேண்டும் என்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்கிற மென்பொருள். ஊரான் நோய் விவரம் புழங்குகிற இடம் என்பதால் எங்கள் லேப்டாப்களைக் கண்காணிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அதனால் பழையவற்றை வாங்கிக்கொண்டு புதியவை தருகிறார்கள். மேக்கிலும் விண்டோஸிலும் காவல் மென்பொருள் ஒன்றை உள்ளே போட்டே கொடுப்பார்கள். நாம் எதைத் திறந்தோம், எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம் என்று எல்லாவற்றையும் அது மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். கூடவே ஒரு உதவியாளன், அதுவும் மென்பொருள்தான். மீட்டிங்கில் பேசுவதையெல்லாம் கேட்டு, தமிழில் பேசினாலும் தெலுங்கில் பேசினாலும் இங்கிலீஷில் சுருக்கி மேனேஜருக்கு அனுப்பிவிடும். லினக்ஸுக்கு மட்டும் இவை இன்னும் வரவில்லை. அதை எடுப்பவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க ஒரே சண்டை. மேக் கேட்டவர்களுக்கு அதன் மூடியின் பளபளப்பே போதும், பெண் பார்க்கப் போகும்போதுகூடக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள். விண்டோஸ்காரர்கள் தேய்ந்த செருப்பை மாற்ற மனசு வராதவர்கள். லினக்ஸ்காரர்கள் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். உப்பு கரித்தாலும் பெருமையாகச் சாப்பிட்டுவிட்டு அடுத்தவன் இலையைப் பார்த்து இளக்காரமாகச் சிரிப்பார்கள். நானும் அந்த ஜாதிதான் என்று ஆபீஸில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

மேனேஜர் சிட்டிபாபு என் மேஜைக்கு வந்தார். தெலுங்குக்காரர், நாகலாபுரம் பக்கம் பெண் எடுத்தவர். தமிழ் நன்றாகவே வரும், நடுநடுவே தெலுங்கு வழுக்கிக்கொண்டு வரும்.

“மோகன்ராஜ் காரு, மீக்கு ஏதி காவாலி? எது வேணும் சொல்லுங்க.”

“லினக்ஸ் சார்.”

“அது ரிப்பேர் ஆனா நாங்க பொறுப்பு இல்ல. தெரியும் கதா?”

“தெரியும் சார். நானே பார்த்துக்கறேன்.”

“டீம்ல நீங்க ஒருத்தர்தான்,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அந்த ‘ஒருத்தர்’ என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் லினக்ஸ் கேட்டதற்குக் காரணம் கொள்கை இல்லை, கண். எனக்குப் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டு வருகிறது. முதலில் இருட்டில் தெரியாமல் போயிற்று. புத்தூர் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்தவன் ஒரு நாள் கால்வாயில் காலை விட்டேன். குடித்திருக்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பிறகு பகலிலும் பக்கவாட்டில் இருப்பவை காணாமல் போயின. வேலூரில் காட்டினோம். மருந்தில்லாத நோய், ஆனால் நடுப்பார்வை மட்டும் பல வருஷம் நிற்கும் என்றார் டாக்டர். என் மனைவி ஷோபா அங்கேயே அழுதாள். நான் அழவில்லை. என் தொழிலுக்கு நடு போதுமே என்று அவளைத் தேற்றினேன்.

உண்மையில் எனக்குப் பயம் கண்ணைப் பற்றி இல்லை, அந்தப் பல வருஷத்தைப் பற்றி. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இந்த வேலை போனால் அடுத்ததைத் தேடி பெங்களூருக்கோ சென்னைக்கோ போக வேண்டும். இருட்டில் ரோட்டைக் கடக்க முடியாதவன் பெங்களூரில் என்ன செய்வான்? காலை ரயிலில் வெளிச்சத்தோடு வந்து, சாயந்திர ரயிலில் வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேரக்கூடிய வேலை எனக்கு இந்த ஒன்றுதான்.

பழைய லேப்டாப்பில் இருந்த லினக்ஸை வருஷக்கணக்காக என் கண்ணுக்குத் தகுந்தபடி வளைத்து வைத்திருந்தேன். கறுப்புப் பின்னணி, கொட்டை கொட்டையாக எழுத்து. எதைத் திறந்தாலும் நடுவில்தான் திறக்கும். மௌஸ் கிடையாது, அம்புக்குறி ஓரத்துக்குப் போய்விட்டால் அதைத் தேடிப் பிடிக்க எனக்கு அரை நாள் ஆகும். மற்றவர்கள் லேப்டாப்பில் அறிவிப்புகள் ஒரு மூலையில் தலைகாட்டிவிட்டு ஓடிவிடும். என்னுடையதில் நடுத்திரையில் வந்து நிற்கும், நான் பார்க்கும்வரை நகராது. விண்டோஸிலும் மேக்கிலும் பார்வை குறைந்தவர்களுக்கு வசதிகள் இருக்கின்றன, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஒன்றைப் போட்ட மறு நிமிஷமே காவல் மென்பொருள் போய்ச் சிட்டிபாபுவின் காதில் ஓதிவிடும். எனக்கு வசதியும் வேண்டும், அது யாருக்கும் தெரியாமலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் லினக்ஸ் மட்டும்தான்.

ஆபீஸில் என் கண் விஷயம் தெரிந்த ஒரே ஆள் யூனிஸ். பக்கத்து மேஜைக்காரி. சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்த பெண். வார நாள்களில் திருப்பதியில் ஹாஸ்டல், வெள்ளிக்கிழமை சாயந்திரமானால் சித்தூர் பஸ். ஒரு நாள் அவள் பக்கவாட்டில் நின்று எனக்கு டீ நீட்டியிருக்கிறாள். நான் வாங்கவில்லை. என்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டாள். குரல் வந்த பக்கம் நான் வெடுக்கென்று திரும்பியதில் டீ முழுக்க அவள் துப்பட்டாவில். மறுநாள் நேர் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“அண்ணா, உங்களுக்கு சைடுல தெரியலையா?”

அந்தக் கேள்வியை என் வீட்டில்கூட யாரும் அவ்வளவு நேராகக் கேட்டதில்லை. சொல்லிவிட்டேன். சொன்னபோது என் குரல் உடைந்து போனதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து என் ஓரக்கண் அவள்தான். கீ போர்டைத் தட்டிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுப்பாள். “அண்ணா, ரைட்ல சேர் கீது.” “சார் கை நீட்டிக்கினு நிக்கறாரு, திரும்புங்க.” ஆபீஸில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆண்டவரிடம் மட்டும் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அதில் எனக்கென்ன ஆட்சேபணை? எங்கள் அம்மாவும்தான் வாராவாரம் எல்லையம்மனிடம் என்னைப் பற்றி ஏதோ முறையிட்டுக்கொண்டிருக்கிறாள். ஆண்டவரும் அம்மனும் சேர்ந்து பார்த்துக்கொண்டால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

புது லேப்டாப்கள் வந்தன. என்னுடையதன் மூடியில் வீட்டில் ஷோபா சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்தாள். யூனிஸ் மேக் வாங்கியிருந்தாள். அட்டைப் பெட்டியைப் பிரித்தவள் அதைத் திறக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஏம்மா, ஆன் பண்ணிப் பார்க்கலையா?”

“எங்க வீட்ல எது புதுசா வந்தாலும் மொதல் உபயோகம் ஆண்டவருக்குத்தான் அண்ணா. கிளாட்வின் ஸ்கூட்டர் வாங்கினப்ப மொதல்ல கோயிலுக்குத்தான் ஓட்டிக்கினு போனான். குக்கர் வாங்கினப்ப மொதச் சோறு ஐயர் வீட்டுக்கு. இன்னிக்கு சாயந்திரம் ஜெபத்துல இத வச்சுதான் உக்காருவேன்.”

கிளாட்வின் அவள் தம்பி. கோயில் என்றால் சர்ச், ஐயர் என்றால் அவர்கள் பாஸ்டர். எனக்கு அந்த வழக்கம் பிடித்திருந்தது. நாங்கள் வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பதில்லையா, அது மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். என் லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டு, என் பழைய ஏற்பாடுகளையெல்லாம் அதில் ஏற்றி முடித்தபோது பல நாள்களாக இல்லாத நிம்மதி எனக்கு வந்தது. இனி என்னை யாரும் பார்க்க முடியாது.

அந்த நிம்மதி அடுத்த வாரம்வரைகூட நிற்கவில்லை.

காலையில் ஆபீஸ் படியேறிக்கொண்டிருந்தேன். எதிரில் இறங்கி வந்த சிட்டிபாபு நின்று, “பார்த்து, படி,” என்றார். நான் தலையாட்டிவிட்டு மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் சுருக்கென்றது. கை கால் நன்றாக இருக்கிற மனுஷனிடம் படி இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? ஈரமாக இருந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். திரும்பப் போய்ப் பார்த்தேன். படி காய்ந்து கிடந்தது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வழக்கமாக வெளிச்சத்தில் நடக்கிற டீம் மீட்டிங்கில் விளக்கை அணைக்கச் சொன்னார். புரொஜெக்டர் சரியாகத் தெரியவில்லையாம். அரை இருட்டில் என்னைக் கூப்பிட்டு, போர்டில் வரைந்து காட்டுங்கள் என்றார். என் குறிப்புகள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லி உட்கார்ந்த இடத்திலேயே பேசி முடித்தேன். இன்னொரு நாள் யூனிஸ் லீவு. நடைபாதையில் எப்போதும் சுவரோரம் இருக்கிற தண்ணீர் கேன் அன்று நடுவழிக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் இடித்து விழுந்து நிமிர்ந்தால் எதிரே கண்ணாடி அறைக்குள் சிட்டிபாபு நின்றுகொண்டிருந்தார். ஓடி வந்து தூக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. என்னைப் பார்த்தபடியே நின்றார். திட்டமிட்டு வைத்ததா, கேன் போடுகிறவன் அவசரத்தில் வைத்துவிட்டுப் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதிகம் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஆபீஸிலேயே இலவசக் கண் பரிசோதனை முகாம் என்று அறிவித்தார்கள். ஊழியர் நலனாம். எல்லோரும் கட்டாயம் வர வேண்டுமாம். முதுகு வலிக்கிற நாற்காலிகளை மாற்றித் தரச் சொல்லி நாங்கள் தலைகீழாக நின்று பார்த்தும் அசையாத நலன் இப்போது கண்ணில் வந்து நிற்கிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அன்றைக்கு லீவு போட்டேன். வீட்டில் அம்மா என் எதிரிலேயே மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதுதான் கேள்வி. நான் தொழில்காரன், என் சந்தேகம் லேப்டாப்மேல்தான் போயிற்று. லினக்ஸுக்குக் காவல் மென்பொருள் இல்லை என்று சொன்னது பொய்யாக இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பிரித்து மேய்ந்தேன். உள்ளே என்னென்ன ஓடுகிறது, வெளியே யாரோடு பேசுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேமராவில் பிளாஸ்திரி ஒட்டினேன். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஷோபா சாதத்தைப் பிசைந்து கையில் கொடுத்துவிட்டு, பேயோட்டுகிறவன் மாதிரி இருக்கீங்க என்றாள். லேப்டாப் சுத்தமாக இருந்தது. ஒரு தூசு இல்லை. ஏதாவது அகப்பட்டிருந்தால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை யூனிஸிடம் சொன்னேன். அவள் கீ போர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“நான் யாருக்கும் சொல்லல அண்ணா. சத்தியமா.”

“உன்னைச் சொல்லலைம்மா. உனக்குத் தெரியணுமேன்னு சொன்னேன்.”

“நான் வாராவாரம் உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கினுதான் இருக்கறேன். எங்க குழுவே பண்ணுது. பலமனேர்ல சுந்தர்சிங் மாமா உங்களுக்காக வெள்ளிக்கிழமை ஒண்ணும் துன்னாம உபவாசம் இருக்காரு, தெரியுமா?”

முன்பின் தெரியாத ஒரு மனுஷன் பலமனேரில் எனக்காகப் பட்டினி கிடக்கிறார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிழை தேடியே வயிறு வளர்க்கிறவனுக்கு மூளை சும்மா இருக்காது.

“குழுன்னா? நீங்கல்லாம் வேற வேற ஊர்ல இருக்கீங்களே?”

“ஆன்லைன்லதான் அண்ணா, புதன்கிழமை தோறும். கொரோனாவுலேர்ந்தே அப்டித்தான்.”

“எதுல உக்காருவ?”

அவள் மேஜைமேல் இருந்த மேக்கையே பார்த்தாள். பிறகு அதைத் தொடவே பயந்தவள்போல விரல் நுனியால் திறந்தாள்.

ஆபீஸ் மீட்டிங்கை மட்டும்தான் உதவியாளன் கேட்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஜெபத்துக்குத் தன் சொந்தக் கணக்கில்தானே போகிறோம் என்று விட்டிருக்கிறாள். உதவியாளனுக்கு ஆபீஸும் தெரியாது, ஜெபமும் தெரியாது. அந்த லேப்டாப்பில் நாலு பேர் கூடிப் பேசினால் மீட்டிங். அவ்வளவுதான். உட்கார்ந்து கேட்டு, சுருக்கி, மேனேஜருக்கு அனுப்பியிருந்தது, அவள் அதை முதன்முதலில் ஆண்டவருக்காகத் திறந்த அன்றிலிருந்தே.

அது அனுப்பிய சுருக்கத்தை யூனிஸ் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியை நான் குனிந்து படித்தேன். பேசப்பட்ட பொருள், சக ஊழியர் மோகன்ராஜின் பார்வை இழப்பு. தற்போதைய நிலை, படிப்படியாக மோசமடைகிறது. அடுத்த நடவடிக்கை, வெள்ளிக்கிழமை உபவாசம், பொறுப்பு சுந்தர்சிங். அதற்குக் கீழே, கவனிக்க வேண்டிய ஆபத்து என்று ஒரு வரி. நிறுவனத்துக்குத் தெரியக் கூடாது.

சிரிப்பும் வந்தது, கத்த வேண்டும்போலவும் இருந்தது.

“இவ்ளோ விவரமாவா சொல்லுவ?” என்றேன்.

“ஆண்டவருக்கு விவரமாச் சொல்லணும் அண்ணா. பேரு, வியாதி, இன்னா வேணும், எல்லாம். பொதுவா கேட்டா பொதுவாதான் கெடைக்கும்னு எங்கம்மா சொல்லுவாங்க.” அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைத் திட்ட வேண்டும்போல் இருந்தது, திட்ட முடியவில்லை. என் லேப்டாப்புக்குக் கதவு போட்டேன், ஜன்னல் போட்டேன், பூட்டும் போட்டேன். நான் இருந்தது பக்கத்து லேப்டாப்பில்.

மறுநாளே இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார் சிட்டிபாபு. கதவைச் சாத்தினார். அவரும் சரியாகத் தூங்காதவர்போலத்தான் இருந்தார். நான் போனால் அவர் டீமில் பாதி வேலை நின்றுவிடும், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“ஹைதராபாத் ஹெட் ஆபீஸ்லேர்ந்து கேக்கறாங்க,” என்றார். “அந்தச் சுருக்கம் எனக்கு மட்டும் இல்ல, அங்கேயும் போகுது. நான் இவ்வளவு நாள் பேசாம இருந்தேன். நிஜமா, பொய்யானு நானே பார்த்துக்கிட்டு இருந்தேன். சூடண்டி, பாருங்க மோகன்ராஜ் காரு, கண்ணு போறது உங்க தப்பு இல்ல. உடம்புல குறை வந்தா சொல்றேன்னு வருஷா வருஷம் ஒத்துக்கிட்டு இருக்கீங்க. சொல்லல. தெரியக் கூடாதுன்னு வேற அதுல இருக்கு. மறைச்சதுக்குத்தான் அனுப்பணும்ங்கறாங்க.”

நான் வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார். கை என் முகத்துக்கு நேரே வந்ததால் தெரிந்தது.

“நீங்க பேசாதீங்க. ஒரு வழி இருக்கு. இது மிஷின் எழுதினது. மிஷின் தப்பும் பண்ணும், கதா? தமிழ்ல பாட்டு, ஜெபம், ஒரே நேரத்துல நாலு பேர் பேசறது. அதுல மிஷின் தப்பா எழுதிடுச்சுன்னா நான் ஹைதராபாத்துக்குச் சொல்லி முடிச்சுடுவேன். பேசினது யூனிஸ். அந்தம்மா சொன்னா போதும்.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “செப்பம்மா, சொல்லு. மோகன்ராஜுக்குக் கண்ணு போகுதுன்னு நீ ஜெபத்துல சொன்னியா?”

நான் யூனிஸைப் பார்த்தேன். எதைப் பார்த்தாலும் எனக்கு அது மட்டும்தான் தெரியும். அறை இல்லை, மேஜை இல்லை, சிட்டிபாபு இல்லை. நடுவில் அவள் முகம், சுற்றிலும் ஒன்றுமில்லை. உதடு காய்ந்திருந்தது. அவள் ஜெபத்தில் சொன்ன வார்த்தையை மாற்றிப் பேசுகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். சொல்லித் தொலையேன். நீ இழுத்துவிட்டதுதானே, ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன். கண்ணாலும் கெஞ்சியிருப்பேன். அவளுக்கு அது புரிந்தது.

“இல்ல சார்,” என்றாள்.

“அப்படி ஒண்ணுமே பேசலையா?”

“பேசல சார். மிஷின் தப்பா எழுதிக்கீது.”

சிட்டிபாபு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நான் இப்ப எழுதி அனுப்பப் போறேன். பின்னாடி மாத்திச் சொன்னா என் வேலை போகும். கடைசியா கேக்கறேன். அவருக்குக் கண்ணுல ஏதும் கோளாறு இல்ல, அந்தே கதா, அவ்வளவுதானே?”

“அண்ணனுக்குக் கண்ணு நல்லாத்தான் கீது சார். எனக்கு நல்லாத் தெரியும்.”

அவர் தட்டுகிற சத்தம் கேட்டது. பிழைத்துவிட்டேன் என்று இருந்தது. அந்த நேரத்தில் யூனிஸை நான் நினைக்கவே இல்லை, என் ரயிலை நினைத்தேன், ஷோபாவை நினைத்தேன், பல வருஷம் என்று டாக்டர் சொன்னதை நினைத்தேன்.

“மஞ்சிதி, நல்லது,” என்று லேப்டாப்பை மூடினார் சிட்டிபாபு. “ஒண்ணு மட்டும். இனிமே யாருக்கும் லினக்ஸ் இல்லன்னு சொல்லிட்டாங்க. ஒரு ஆள் மட்டும் கண்காணிப்புல இல்லாததாலதான் இந்தக் கேள்வியெல்லாம் வருதாம். வர்ற திங்கட்கிழமை உங்களுக்கு விண்டோஸ் வந்துடும். எல்லாருக்கும் குடுக்கற மாதிரியே. கண்ணு நல்லா இருக்கறவருக்கு அதுல என்ன கஷ்டம்?”

கேள்வியாகத்தான் கேட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன்.

அந்த வாரம் முழுக்க விண்டோஸ் லேப்டாப் ஒன்றை இரவல் வாங்கிப் பழகிப் பார்த்தேன். பெரிய எழுத்து இல்லாமல், கறுப்புப் பின்னணி இல்லாமல், எல்லோரையும் போல. அறிவிப்புகள் மூலையில் வந்து போயின. வந்தது என்று ஷோபா சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்புக்குறியைத் தேடித் தேடி நான் திரையைக் கிழித்துவிடுவேன்போல் இருந்தது. ஒவ்வொரு தேடலையும் காவல் மென்பொருள் எண்ணும். சும்மா உட்கார்ந்திருந்த நேரம் என்று எழுதிக்கொள்ளும். எத்தனை வாரம் ஓட்டலாம் என்று ஷோபா கேட்டாள். தெரியவில்லை என்றேன். வருஷங்களை எண்ணிக்கொண்டிருந்தவன் வாரத்துக்கு இறங்கியிருந்தேன்.

யூனிஸ் ஆபீஸில் எப்போதும்போல எனக்கு உதவினாள். சேர், கதவு, நீட்டிய கை எல்லாம் சொன்னாள். ஆனால் வேறு பேச்சில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டுவரை அவளோடு நடந்தேன். சித்தூர் பஸ் இன்னும் வரவில்லை. மொட்டையடித்த குடும்பங்கள் லட்டுப் பைகளோடு அங்கங்கே உட்கார்ந்திருந்தன. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வந்தவன் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

“பலமனேர் மாமா எப்படி இருக்காரு?” என்று கேட்டேன்.

“உங்களத்தான் கேட்டாராம். அந்தத் தம்பி கண்ணு இப்ப எப்டி கீதுன்னு.”

“கேட்டாராம்னா? புதன்கிழமை நீ இல்லையா?”

“போகல அண்ணா.”

“அந்த மேக்கை ஹாஸ்டல்லயே பூட்டி வச்சுட்டு போன்ல பேசேன். இல்ல, நீ மட்டும் தனியா உக்காந்து பண்ணு. அதை எந்த மிஷினும் கேக்காது.”

“உக்காந்தேன். வாய் வரல.” அவள் என் பக்கவாட்டில் நிற்காமல், வழக்கம்போல என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “உங்க கண்ணு நல்லாத்தான் கீதுன்னு சொல்லிட்டேனே அண்ணா. இப்ப ஆண்டவர்கிட்ட போய் இன்னான்னு கேக்கறது?”